ரசிகர்களின் காலடி மண்

என் தங்கை வாலிபால் ஆடிச் சம்பாதிக்கிறவள். இதைச் சொன்னால் ஜனங்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள், நம்ப மாட்டார்கள். பிறகு அவளை நிமிர்ந்து பார்ப்பார்கள், நம்பிவிடுவார்கள். ஆறடிக்கு மேலே இரண்டு விரல்கடை இருக்கிறாள். வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. எங்கள் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் வாசல் நிலை தலையில் இடிக்காமல் குனிந்து நுழைகிற பாப்பா அவள் ஒருத்திதான். வெளிமாநிலத்துக் கிளப் ஒன்றுக்கு ஆடுகிறாள். பள்ளிக்கூட நாளிலிருந்து குதித்துக் குதித்துப் பந்தை அடித்து, முழங்கால் இரண்டிலும் தழும்பு இல்லாத இடம் கிடையாது. அவ்வளவு குதித்தும் உலகம் அவளைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு நாள் சும்மா நின்று இட்லி தின்றாள், கண்டுகொண்டது.

எங்கள் அம்மா வீட்டு முன்னறையில் காலை டிபன் கடை போட்டிருக்கிறாள். மிளகு, சீரகம், சுக்கு தட்டிப் போட்டு டம்ளரில் அவிக்கிற காஞ்சிபுரம் இட்லிதான் கடையின் பெயரைக் காப்பாற்றுகிற சரக்கு. இரண்டு நாள் வைத்திருந்தாலும் கெடாது. அதனால் பாப்பா ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் ஒரு பை நிறைய கட்டிக் கொடுப்பாள். பயிற்சியாளர் புரதம், பழச்சாறு என்று பட்டியல் போட்டுக் கொடுப்பார். பாப்பா அவருக்குத் தலையாட்டிவிட்டு இட்லியைத் தின்பாள்.

அப்படித்தான் ஒரு ஆட்டத்தில் நடந்தது. இவள் பக்கம் தோற்றுக்கொண்டிருக்கிறது. டைம் அவுட் கேட்டு, பயிற்சியாளர் பலகையில் கோடு போட்டுக் கத்திக்கொண்டிருக்கிறார். மற்ற பெண்களெல்லாம் வேர்த்து விறுவிறுத்துத் தலையைக் குனிந்து கேட்கிறார்கள். வட்டத்துக்குப் பின்னால், எல்லோருக்கும் மேலே தெரிகிற ஒரு தலை மட்டும் மெல்ல அசை போடுகிறது. கேமரா அதன் பக்கம் போகிறது. பாப்பா கேமராவைப் பார்க்கிறாள். மெல்லுவது நிற்கிறது. ஒரு கன்னம் மட்டும் புடைத்திருக்கிறது. ஒளித்துவைக்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல், கையிலிருந்த மீதி இட்லியையும் வாயில் திணித்துக்கொண்டு பலகையை ரொம்ப அக்கறையாகப் பார்க்கிறாள். அவ்வளவுதான் வீடியோ. ஒரு கவளம் நேரம்கூட ஓடாது.

மறுநாள் காலை நான் கடையைத் திறப்பதற்குள் அவள் இட்லி அக்கா ஆகிவிட்டாள். நான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் திருத்தம், பேருந்து டிக்கெட் எல்லாம் செய்து கொடுப்பதால் இன்டர்நெட்டே என் வீட்டுச் சொத்து என்று எங்கள் தெருவில் ஒரு நினைப்பு. வருகிறவர்களெல்லாம் போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, உன் தங்கச்சிதானே, உன் தங்கச்சிதானே என்றார்கள். யாரோ அந்த வீடியோவுக்குச் சோகப் பாட்டு போட்டிருந்தான். யாரோ தேர்தல் பிரசாரப் பேச்சைப் பொருத்தியிருந்தான். வடக்கே ஒருத்தன் இது இட்லி இல்லை, ஏதோ கேக் என்று எழுதப்போய், அதன் கீழே நம் ஆட்கள் மூன்று நாள் சண்டை போட்டார்கள். பாப்பாவின் கணக்கில் அதுவரைக்கும் இருந்தது சொந்தக்காரர்களும் கூட ஆடுகிற பெண்களும்தான். ஒரே வாரத்தில் லட்சக்கணக்கில் ஏறிவிட்டது. பெயர் தெரியாத தேசத்துக் கொடியெல்லாம் பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அடுத்த இட்லி எப்போது என்று கேட்டார்கள்.

அவளுக்குப் பதில் போட நேரமில்லை என்று கணக்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்தது. ஒன்று சொல்கிறேன், ரசிகர்களைப் போல வேலைவெட்டி இல்லாத கூட்டத்தை நான் பார்த்ததில்லை. அவள் எழும்பி அடித்து எதிரணிப் பெண்ணின் கை அதிர்ந்துபோகிற வீடியோ ஒன்றைப் போட்டேன். கீழே முதல் கமெண்ட், இட்லி எங்கே. இரண்டாவது கமெண்ட், சட்னி எங்கே. மூன்றாவது ஆள் மட்டும் சூப்பர் என்று எழுதியிருந்தான். நல்ல மனுஷன் என்று உள்ளே போய்ப் பார்த்தால், அவன் சாம்பார் பொடி விற்கிறவன்.

போனில் பாப்பா அழவில்லை. அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போல இருந்தது. "எக்கா, நான் ஆடறத ஒருத்தனாச்சும் பாத்தானா?" என்று கேட்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பேர் வேண்டாம், புகழ் வேண்டாம், அவள் ஆடுவதைப் பார்க்க வேண்டும். சீசனின் கடைசி ஆட்டம் சென்னையில் இருந்தது. அதில் மட்டும் நன்றாக ஆடிவிட்டால் இட்லியை எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தாள். நம் ஜனங்கள் எதை மறந்தாலும் சோற்றை மறப்பார்களா?

ஊரிலோ விஷயம் கைமீறிப் போய்க்கொண்டிருந்தது. கல்யாணப் பட்டு எடுக்க வேனில் வந்து இறங்குகிற குடும்பங்களைத் தெருமுனையிலேயே மடக்கிக் கடைக்குக் கூட்டிப்போகிற தரகர்கள் இருக்கிறார்களே, அவர்கள் புதுப் பாதை போட்டுவிட்டார்கள். முதலில் கோயில், பிறகு எங்கள் அம்மா கடை, பிறகுதான் பட்டு. வயிறு நிறைந்தால் பேரம் குறையும் என்பது அவர்கள் அனுபவம். கல்யாணப் பெண்கள் எங்கள் வாசலில் நின்று, கன்னத்தை ஒரு பக்கம் உப்பவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நெசவு வேலைக்குப் போகிற வழக்கமான ஆட்களுக்கு இட்லி கிடைக்கவில்லை. அவர்கள் அம்மாவைத் திட்ட முடியாமல் என்னைத் திட்டினார்கள்.

இதற்கு மேல் ஒன்று நடந்தது. பட்டுக்கடைக்காரர் ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டுத் தறிக்கு ஆர்டர் கொடுத்தார். சந்தன நிறச் சேலை முழுக்க வெள்ளை வெள்ளையாக உருண்டைப் பொட்டு, நெசவில் அதைப் புட்டா என்பார்கள், கொத்தமல்லிச் சட்னி நிறத்தில் பார்டர். அதற்கு இட்லி புட்டா என்றே பெயர். சேலை சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. பாப்பா அதை வீடியோ காலில் பார்த்தாள். பந்தும் உருண்டைதானே, பந்து புட்டா என்று பெயர் வைத்தால் என்ன என்று கேட்டாள். நெய்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமா தறியை நிறுத்தி, பந்து என்றால் எந்தப் பெண்ணும் முகூர்த்தத்துக்குக் கட்டமாட்டாள் என்று ரொம்பப் பொறுமையாக விளக்கினார். பாப்பா போனை வைத்துவிட்டாள்.

அந்த வாரமே பயிற்சியில் குதித்து இறங்கும்போது அவளுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. கட்டுப் போட்டு, ஓய்வெடு, கடைசி ஆட்டத்துக்குள் தேறினால் பார்க்கலாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் உயரத்துக்கு எங்கள் வீட்டில் கால் நீட்ட இடம் கிடையாது. தலை சமையலறையில், வீங்கிய கால் கடைப்பக்கம் என்று குறுக்கே படுத்துக் கிடந்தாள். சாப்பிட வந்தவர்கள் அந்தக் காலையும் போட்டோ எடுத்தார்கள்.

அம்மா ஒரே பார்வையில் முடிவு கட்டிவிட்டாள். கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது என்று சும்மாவா சொன்னார்கள். உடனே பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டாள். இட்லி புட்டா நெய்கிற மாமாவின் சம்சாரம்தான் அத்தை. வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். எங்கள் தெருவில் திருஷ்டி கழிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. குழந்தை பால் குடிக்கவில்லை என்றாலும் அத்தை, தறிப்பாவில் இழை அறுந்துகொண்டே இருந்தாலும் அத்தை. உப்பு, கடுகு, காய்ந்த மிளகாய், முச்சந்தி மண், கண் வைத்தவர் காலடி மண், எல்லாவற்றையும் கையில் அள்ளி மூன்று சுற்று சுற்றி அடுப்பில் போடுவார். மிளகாய் நெடி ஏறித் தும்மல் வந்தால் திருஷ்டி இல்லை. நெடியே இல்லாமல் எரிந்தால் கண் பட்டது நிச்சயம்.

அத்தை வந்து பாப்பாவின் காலைப் பார்த்தார். பிறகு யார் யார் கண் வைத்தது என்று கேட்டார். அம்மா என் பக்கம் கையைக் காட்டினாள். நான் போனைத் திறந்து அந்த வீடியோவைப் பார்த்தவர்களின் எண்ணிக்கையைக் காட்டினேன். அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "அய்யோ ராமா, இத்தினி பேரு நம்ம தெருவாண்ட நடக்கவே இல்லியேம்மா" என்றார்.

அதுதான் சிக்கல். முச்சந்தி மண் போதும் என்பதற்குக் காரணம், ஊரார் எல்லோரும் அந்த வழியாக நடந்துதானே போகிறார்கள், அவர்கள் காலடி அதில் இருக்கும். இவர்கள் யாரும் எங்கள் முச்சந்தியை மிதித்ததில்லையே. பிரேசில்காரன் கண் வைத்தால் பிரேசில்காரன் காலடி மண் வேண்டும். இல்லாவிட்டால் திருஷ்டி போகாது என்று அத்தை கறாராகச் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. இன்டர்நெட் இவளிடம்தானே இருக்கிறது, இவள் வரவழைப்பாள் என்று என்னைக் கைகாட்டிவிட்டார்கள்.

நான் முடியாது என்று சொன்னேன். கடைக்குப் போனேன். அம்மா போன் செய்து மண்ணுக்குச் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டாள். வைத்தேன். மறுபடி செய்தாள். கடையில் ஒரே கூட்டம், பிரின்டர் காகிதத்தைக் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. எனக்கு வந்த கோபத்தில் பாப்பாவின் கணக்கில் நுழைந்து, உங்கள் எல்லோருடைய கண்ணும் பட்டு இட்லி அக்காவுக்குக் கால் பிசகிவிட்டது, பரிகாரமாக அவரவர் காலடி மண் ஒரு சிட்டிகை அனுப்பி வைக்கவும் என்று தமிழிலும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் எழுதி, கடை விலாசத்தையும் போட்டுவிட்டேன். சிரித்துவிட்டுப் போவார்கள், அதை அம்மாவிடம் காட்டி வாயை அடைக்கலாம் என்பது என் திட்டம்.

சிரிக்கவில்லை. அனுப்பினார்கள்.

முதலில் வேலூரிலிருந்து ஒரு கவர். பிறகு கோவில்பட்டியிலிருந்து கரிசல் மண், ஒரு மாத்திரை டப்பாவில். பிறகு கேரளத்துச் செம்மண். வளைகுடாவில் வேலை பார்க்கிற ஒருவர் பாலைவன மணலை அத்தர் புட்டியில் அடைத்து, ஊருக்கு வந்த நண்பர் மூலம் கொடுத்தனுப்பினார். பெங்களூரில் அடுக்குமாடியில் இருக்கிற பெண் ஒருத்தி, எங்கள் குடியிருப்பில் மண்ணே இல்லை, தரை முழுக்க டைல்ஸ், மன்னிக்கவும் என்று எழுதி வீட்டைப் பெருக்கிய குப்பையை அனுப்பியிருந்தாள். இன்னொருத்தர் காலடி மண்ணை எடுக்கத் தெரியாமல் செருப்பையே பார்சல் போட்டுவிட்டார். ஒரு செருப்புதான். துளசிச் செடியோடு தொட்டி ஒன்று வந்தது. செடி நன்றாக இருக்கிறது, இப்போது அம்மா கடை வாசலில் நிற்கிறது. வெளிநாட்டு ரசிகர் ஒருவர், தபாலில் மண் அனுப்ப அவர் நாட்டில் அனுமதி இல்லை என்று தன் பாதத்தைப் படம் பிடித்து அனுப்பி, இது செல்லுமா என்று கேட்டிருந்தார். அத்தையிடம் கேட்டேன். கலரில் பிரின்ட் எடு என்றார்.

எங்கள் தபால்காரர் கோபக்காரர் இல்லை. ஆனால் ஒரு நாள் சைக்கிளைக் கடை வாசலில் சாத்திவிட்டு, மூட்டையை என் மேஜை மேல் வைத்து, "எல்லாரும் காஞ்சீபுரத்துலேந்து பட்டு வாங்கினு போவாங்க. நீ ஊர் மண்ண வரவழைச்சிக்கினு இருக்கியேம்மா" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. அவர் போகும்போது, அவருடைய பெண்ணும் ரசிகைதானாம், ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

திருஷ்டி கழிக்கிற அன்று தெருவே கூடிவிட்டது. தறிச் சத்தமே இல்லை. பாப்பாவைக் கிழக்கே பார்த்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தும் அவள் அத்தையை விட உயரமாகத்தான் இருந்தாள். வந்த மண்ணையெல்லாம் கொட்டிக் கலந்ததில் அரிசிச் சாக்கு ஒன்று முக்கால்வாசி நிறைந்திருந்தது. செருப்பும் உள்ளே. இதைத் தூக்கி அவள் தலையை மூன்று சுற்று சுற்ற வேண்டும். மாமாவும் இன்னொருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். பாப்பாவின் தோள்வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அத்தை கொஞ்சம் யோசித்தார். மூட்டை அவளைச் சுற்றினால் என்ன, அவள் மூட்டையைச் சுற்றினால் என்ன, சுற்று சுற்றுதானே என்று தீர்ப்பு சொன்னார். வாலிபால் வீராங்கனை என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நொண்டி நொண்டி, மண் மூட்டையை மூன்று முறை பிரதட்சிணம் செய்தாள். சிரிக்கக்கூடாது என்று அத்தை முன்னமே எச்சரித்திருந்தார். பாப்பாவின் தோள் குலுங்கியது, என் தோளும் குலுங்கியது.

பிறகு மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி மண், ஒரு கைப்பிடி மிளகாய், உப்பு, கடுகு, கலர் பிரின்ட் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டார்கள். அடேயப்பா, என்ன நெடி. அத்தனை பேருக்கும் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டே தும்மினார். இருமி முடித்து மூச்சு வாங்கியதும் அத்தை சொன்னார், ரசிகர்கள் யார் மேலும் தப்பில்லை, பாவம், நல்ல ஜனங்கள். இத்தனை மண்ணிலும் ஒரு கெட்ட கண் இல்லை.

நான் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அத்தை முடிக்கவில்லை. வெளியில் இல்லையென்றால் வீட்டுக்குள்ளேதான் தேட வேண்டும், பெற்ற தாய்க் கண்ணைவிடப் பொல்லாத கண் உண்டா என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே முகத்தைத் துடைத்தார். அவர் யாரையும் குத்திச் சொல்லவில்லை. எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அம்மா முகம் மாறிவிட்டது. வாசலில் இறங்கி, செருப்பில்லாத காலை மண்ணில் ஊன்றி எடுத்து, அந்த இடத்து மண்ணைக் கிள்ளிக்கொண்டு வந்து அத்தை கையில் கொடுத்தாள்.

அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பாப்பா பள்ளிக்கூடத்தில் ஆடிய முதல் பெரிய ஆட்டத்துக்கு அம்மா எங்கள் யாரிடமும் சொல்லாமல் போயிருக்கிறாள். காம்பவுண்டு சுவர் ஓரமாக நின்று, நம் வயிற்றிலா இது பிறந்தது, என்னமாய் எம்புகிறது என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். சொல்லி வாய் மூடவில்லை, பாப்பா விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அம்மா அவள் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் மாவு அரைக்கணும், உளுந்து ஊறுகிறது என்று சொன்னதெல்லாம் இதற்குத்தான். இட்லி வீடியோவில் அவள் ஆடவில்லையே, சும்மாதானே நிற்கிறாள், பார்த்தால் என்ன என்று தினமும் மாவாட்டும்போது திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஆசை தீரப் பார்த்துட்டேன், அதான் கால் போச்சு என்று அழுதாள்.

அத்தை அம்மாவின் மண்ணை அடுப்பில் போட்டார். நெடி வரவில்லை. டப்பாவின் அடியில் கிடந்த மிளகாய் நமத்துப்போயிருந்தது, அது எனக்கு நன்றாகத் தெரியும். சொன்னேன். யார் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்த கூத்துக்கு அளவே இல்லை. அம்மா பாப்பாவைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். இட்லி வைக்கும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு தட்டை நீட்டுவாள். இரண்டு முறை சட்னியை அவள் கட்டின் மேலேயே ஊற்றினாள். பாப்பா உள்ளே வந்தால் முந்தானையை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, நீ எங்க இருக்க, அப்படியே நில்லு, நான் போயிடறேன் என்று தடவித் தடவி நகருவாள். முதல் நாள் நாங்கள் சிரித்தோம். அப்புறம் பாப்பா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். கால் தேறியது, ஆனால் அவள் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை. ஊர் பார்க்கவில்லை என்று ஏங்கியவளை இப்போது பெற்றவளும் பார்க்கவில்லை. எனக்கு அம்மா மேலும் அத்தை மேலும் அந்த நமத்துப்போன மிளகாய் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கிளப்காரர்கள் அப்போதுதான் போன் செய்தார்கள். கடைசி ஆட்டத்துக்கு இட்லி அக்காவின் அம்மா விருந்தாளியாக வரவேண்டும், முன்வரிசையில் உட்காரவேண்டும், இட்லியும் கொண்டுவந்தால் ரசிகர்கள் சந்தோஷப்படுவார்கள் என்றார்கள். என் ஆட்டத்தில் இட்லி வரக்கூடாது என்று பாப்பா குதித்தாள். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், எத்தனை பேருக்கு என்று. சாப்பாடு கேட்டு இல்லை என்று சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆட்டத்தைப் பார்க்கமாட்டேன், இட்லியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன் என்ற நிபந்தனையோடு கிளம்பினாள். அத்தையும் கூட வந்தார், முந்தானை முடிச்சில் உப்போடு.

சென்னையில் பெரிய உள்ளரங்கம். முன்வரிசையில் எங்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அம்மா நாற்காலியைத் தூக்கி, மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே கூட்டம், நடுவில் தூக்கில் இட்லி. கேமராக்காரர் விடுவாரா. பெரிய திரையில் அம்மாவைக் காட்டினார். அரங்கமே சிரித்தது. அந்தத் திரை அம்மா உட்கார்ந்த பக்கமாகவே தொங்கிக்கொண்டிருந்தது. அதில் அடுத்தாற்போல் பாப்பா வந்தாள். அம்மா அலறியடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கூட்டம் இன்னும் சிரித்தது.

முதல் செட்டில் பாப்பாவை இறக்கவில்லை. இரண்டாவதில் இறக்கினார்கள். ஆட்டமா அது. சர்வீஸ் போட நின்றால் கண் எங்கள் பக்கம்தான் வருகிறது. பந்தை நெட்டில் அடித்தாள். அடுத்ததையும் நெட்டில் அடித்தாள். என் பின்னால் இருந்தவன், அக்கா இட்லி சாப்பிட்டால்தான் ஆடும் என்று உரக்கச் சொன்னான். திரும்பி ஒரு முறை முறைத்தேன். எங்கள் ஊரில் என் முறைப்புக்கு ஒரு மரியாதை உண்டு, அங்கே இல்லை.

செட் முடிந்து அணிகள் பக்கம் மாறும்போது பாப்பா நேரே எங்களிடம் வந்தாள். அந்த உயரமான உடம்பை மடக்கி, அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் தரையில் முட்டி போட்டாள்.

"அம்மா, திரும்பு."

அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். "வேணாம் பாப்பா. அன்னிக்குப் பாத்துதான் கை ஒடிஞ்சுது. இப்பதான் கால் தேறிக்கினு வருது."

"ஒடிஞ்சா ஒடியட்டும்மா. ஊர் கண்ணு பூரா இட்லி மேல இருக்குது. என் ஆட்டத்து மேல யாரு கண்ணும் படல. உன் கண்ணாச்சும் படட்டும். நல்லா வையி."

நடுவர் விசில் ஊதினார். பாப்பா எழுந்து ஓடினாள். அம்மா கண்ணை மூடியபடியே எழுந்து, நாற்காலியைத் தடவிப் பிடித்து மைதானத்தைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, உட்கார்ந்து, கண்ணைத் திறந்தாள். அத்தை முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது பந்திலேயே பாப்பா விழுந்தாள். எல்லைக்கு வெளியே போன பந்தை எடுக்கப் பாய்ந்து, நெஞ்சு தரையில் பட வழுக்கிக்கொண்டு போய் விளம்பரப் பலகையில் மோதினாள். அம்மாவின் நகம் என் கையில் இறங்கியது. எனக்கும் உயிர் போய்விட்டது. ஆனால் அம்மா முந்தானையைத் தேடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. பாப்பா தரையில் கிடந்தபடியே தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தாள். அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்ததும் ஒரு துள்ளலில் எழுந்து ஓடினாள். அதற்குப் பிறகு அவள் ஆடிய ஆட்டத்தை நான் எப்படிச் சொல்வது. எம்பினால் இறங்க மனசில்லாதவள் போல எம்பினாள். அடித்த அடி ஒவ்வொன்றும் எதிர்ப்பக்கத் தரையில் வெடித்தது. நடுவே இன்னும் இரண்டு தரம் விழுந்தாள். அம்மா ஒவ்வொரு தரமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, விழுந்தவள் எழுந்திருப்பதைக் கண்கொட்டாமல் பார்த்தாள். கோட்டின் மேல் விழுந்த பந்தை அவுட் என்று சொன்ன நடுவரைப் பார்த்து, சோறு தின்கிறவனா இவன் என்று என்னிடம் கேட்டாள்.

ஆட்டத்தில் அவர்கள் தோற்றுப்போனார்கள். அது அம்மாவுக்குக் கடைசிவரைக்கும் புரியவில்லை. இவ்வளவு நன்றாக ஆடியவள் எப்படித் தோற்க முடியும் என்று இன்றைக்கும் வாதாடுகிறாள்.

முடிந்ததும் ரசிகர்கள் தடுப்பைத் தாண்டி வந்து பாப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லோர் கையிலும் போன். ஒருவர் இட்லி ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்து, அக்கா, அந்த மாதிரி கன்னத்தை உப்பவைத்துக்கொள்ளுங்கள், ஒரே ஒரு போட்டோ என்றார். பாப்பா வேர்வையைத் துடைத்தாள். மறுத்தால் தப்பாகிவிடும் என்று இட்லியை வாய்க்குக் கொண்டுபோனாள். அவள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அம்மா கூட்டத்துக்குள் புகுந்து அந்த இட்லியை அவள் கையிலிருந்து பிடுங்கினாள்.

"இட்லி சுட்டவ நானு. போட்டோ வேணும்னா என்னிய எடு. இவ இத்தினி நேரம் ஆடினாளே, அத எடுத்தியா நீ?"

அவர் எடுத்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரும் எடுத்திருக்கவில்லை. அம்மா ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டாள், யாரும் எடுத்திருக்கவில்லை. "நான் பாத்தன்" என்று சொல்லிவிட்டு அம்மா அந்த இட்லியைத் தானே தின்றாள். பாப்பா குனிந்து அம்மாவின் தலைமேல் தன் தாடையை வைத்துக்கொண்டு, அத்தனை போனுக்கும் முன்னால் தேம்பித் தேம்பி அழுதாள்.